கேட்டுக்கு உள்ளே

12-8-1971, வியாழன்

பத்தாம் வகுப்புப் பெண்களைத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துப் போனேன். நாளைக்கு என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று நேரில் பார்க்கத்தான். அங்கே ஸ்ட்ரைக் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டில் கொடி பிடித்து நின்றவர்களில் மேரியின் அப்பாவும் இருந்தார். மேரி அப்படியே நின்றுவிட்டாள். ஸ்ட்ரைக் நேரத்தில் கேட்டைத் தாண்டினால் அவர்கள் தெருவில் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும், "வா மேரி" என்றேன்.

"டீச்சர் கூப்புட்றாங்கல்ல, போம்மா" என்று அவர் வழிவிட்டார்.

உள்ளே மிஷின்களெல்லாம் சும்மா நின்றன. அதிகாரி, "இங்கே வேலைக்கு வர யாருக்கு ஆசை?" என்றார். முதலில் கை தூக்கியவள் மேரி.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார், "இன்னாம்மா பார்த்த?"

"உன் ஏழாம் நம்பர் மிஷின பார்த்தேன் நைனா. ஒரே தூசியா கீது. தாவணியால தொடச்சிட்டு வந்தேன்."

அவர் கொடியை இறக்காமல், குரலை மட்டும் இறக்கினார். "மிஷினுக்கு எண்ணெ வுட்டு வச்சிகிறாங்களா?"

தலைமையாசிரியைக்கு அறிக்கை எழுத வேண்டும். 'மாணவிகள் பயனடைந்தனர்' என்று எழுதி அடித்துவிட்டேன். மேரியின் அப்பா தானாக வழிவிட்டாரா, நான் விட வைத்தேனா?