உன் பெயர் வைத்த ஈ

கோபித்துக்கொண்டு தம்பி வீட்டில் போய் உட்கார்ந்திருக்கும் என் கணவருக்கு,

ஈக்களில் நான் கண்டுபிடித்த மரபணுவுக்கு உன் பெயரை வைத்தது குற்றமாகிவிட்டது. “என்னப்பா பாந்தெலிஸ், உன் பேரு வச்ச ஈ நின்ன இடத்துலயே சுத்துதாமே!” என்று காபிக்கடையே சிரித்ததாம். இதற்கே இப்படியா? டோக்கியோவில் ஒரு பேராசிரியர் மேடையேறி, “எங்க பாந்தெலிஸும் நேரா பறக்க மாட்டேங்குதுங்க” என்று கண்கலங்கினார். என் ஆயுள்கால ஆராய்ச்சியில் உலகம் பிடித்துக்கொண்டது உன் பெயரைத்தான்.

முட்டாளே, எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மரபணு இல்லாமல் வளர்ந்த உயிர் என்ன பாடுபடுகிறது என்று பார்த்துத்தான் அதற்குப் பெயர் வைப்போம். சுற்றுகிற ஈ நீ இல்லை. பாந்தெலிஸ் இல்லாத ஈதான் சுற்றுகிறது.

உப்பு டப்பாவை எங்கே வைத்துத் தொலைத்தாய்?

இப்படிக்கு,
காலையிலிருந்து அடுப்படியைச் சுற்றும் ஈ