நடுவில் நின்றவள்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள காமினிக்கு,

குமுதா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் இருக்கிறோம். அங்கு நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் பினாங்கிலிருந்து பெர்த்துக்கு எவள் தபால் எழுதுவாள் என்று நீ சிரிக்கலாம். என் கைப்பேசி இப்போது அம்மாவின் கட்டிலில்தான் கிடக்கிறது. அதில் நாடகம் பார்க்கிறாள். எனக்கு வரும் செய்திகளை எல்லாம், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் உரக்கப் படித்துக் காட்டுகிறாள். இதை அம்மா கேட்கக் கூடாது.

போன மாதம் நீ இரண்டு காரியம் கேட்டிருந்தாய். உன் மகள் கல்யாணத்தில் திரையில் காட்டுவதற்கு, சின்ன வயதில் நாம் ஸ்டூடியோவில் எடுத்த படம் வேண்டும். அப்புறம், கல்யாணத்துக்கு முன் மகளை அழைத்து வந்து அம்மாவிடம் ஆசீர்வாதம் வாங்க வேண்டும். இரண்டாவதற்கு அம்மாவே குரல் பதிவு அனுப்பிவிட்டாள். "வா கண்ணு, ஒம்மவள ஒரு தடவ பாத்துட்டா போதும்" என்று அவள் சொன்னதைக் கேட்டு நீ அழுதாயாம். டிக்கெட்டும் எடுத்துவிட்டாயாம். அழுதது போதும், மீதியைக் கேள்.

அந்தப் படம் எடுத்த நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. தீபாவளிக்கு எனக்கும் என் தங்கை கோமளாவுக்கும் அம்மா ஒரே துணியில் பாவாடை தைத்திருந்தாள். எங்கள் இருவரையும் படம் எடுக்கத்தான் சூலியா ஸ்திரீட் பக்கம் இருந்த ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை நீ, நானும் வருவேன் என்று அடம் பிடித்து ஒட்டிக்கொண்டாய். மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பார்கள் நம் ஆட்கள். ஸ்டூடியோ வைத்திருந்த சீனரும் அப்படியே நம்புகிறவர். அதனால் நாலாவது ஆளாக இருக்கட்டும் என்று ஒரு பொம்மையை எடுத்து உன் கையில் கொடுத்தார். நீ அதை நாற்காலிக்குப் பின்னால் போட்டுவிட்டாய். பொம்மை பிடித்தால் பாப்பா மாதிரி இருக்குமாம். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். அம்மா கைப்பையில் சீப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். படம் கழுவி வந்தபோதுதான் பொம்மை இல்லாதது எல்லாருக்கும் தெரிந்தது.

நடுவில் நின்றவள் கோமளா. தைப்பூசத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் டெங்கி என்றார்கள். தைப்பூசத்தன்று அவள் இல்லை. கொசு கடித்து வந்த சாவு என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் அது உன்னால் வந்த சாவு. உங்கள் குடும்பம் செபராங் ஜெயாவுக்கு வீடு மாறிய அன்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. பாவம், துக்கத்தில் இருக்கிறாள் என்று உன் அம்மா சொன்னாராம்.

காரியம் முடிந்ததும் அம்மா அந்தப் படத்தைக் கத்தரிக்கோலால் மூன்று துண்டாக்கினாள். கோமளாவுக்குச் சின்னதாக ஒரு சட்டம் போட்டு, சுவரில் மாட்டி, குங்குமம் இட்டு, மாலை போட்டாள். அது முறை. அடுத்து உன் துண்டுக்கும் சட்டம் போட்டு, பக்கத்தில் மாட்டி, குங்குமம் இட்டு, மாலை போட்டாள். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோமளா நினைவு நாளில் அவளுக்கு இலை போட்டுப் படைப்பாள். உனக்கு இலை கிடையாது, மாலை மட்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் இருவருக்கும் பூ. வாங்கி வருபவள் நான். நீயோ அங்கே மலை ஏறுகிறாய், கேக் சுட்டுப் படம் போடுகிறாய். அதையெல்லாம் பார்த்துவிட்டு, இவள் எப்படி இன்னும் இருக்கிறாள் என்று அம்மா என்னைக் கேட்பாள், ஏதோ பூவில் நான் குறை வைத்துவிட்டதுபோல.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் சுவரைத்தான் முதலில் பார்த்தார்கள். இந்த வீட்டில் இரண்டு பெண்கள் அல்பாயுசில் போயிருக்கிறார்கள், மிச்சம் இருப்பவளை எப்படிக் கட்டுவது என்று எழுந்து போனார்கள். ஒருத்தி உயிரோடுதான் இருக்கிறாள் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நம் பள்ளித் தோழிகள் குழுவில் நீ கேட்டிருந்தாய் அல்லவா? பதில் இதுதான்.

என் துண்டு பிஸ்கட் டின்னில் பொத்தான்களோடு கிடந்தது. என் படத்தை ஏன் எங்குமே வைக்கவில்லை என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அன்னிக்கு நடுவுல நீ நின்னிருந்தா என்னடி?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்கிற குரல்தான். நான் அவளைக் குளிப்பாட்டுகிறேன், முதுகு தேய்த்துவிடுகிறேன், அவளை வெறுக்கிறேன். உன்னையும் கொஞ்சம் வெறுத்திருக்கிறேன் காமினி. அந்தப் பொம்மையை நீ பிடித்திருந்தால்தான் என்ன?

நீ வருவதாகச் சொன்ன நாளிலிருந்து அம்மா ஒழுங்காகக் கஞ்சி குடிக்கிறாள். தலை வாரிவிடச் சொல்கிறாள். போன வாரம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "அவ, நானு, கல்யாணப் பொண்ணு, மூணு பேரும் சேந்து ஒரு படம் எடுத்துக்கணும். பொண்ண நடுவுல நிப்பாட்டு. போன்ல நீ எடு." நாலாவதாக நானும் நிற்கிறேன் என்றேன். நீ எதற்கு என்றாள்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று உனக்கு எழுதத்தான் ஆசை. உன் மகள் படத்தை அனுப்பியிருந்தாய். சிரித்த முகம், நல்ல பல்வரிசை. அந்த முகத்தை வைத்துப் பரீட்சை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பரீட்சை பார்க்க ஒருத்தி மூன்று வேளையும் சாப்பிட்டுத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

படம் கேட்டாய் அல்லவா, இத்துடன் வைத்திருக்கிறேன். உன் துண்டு மட்டும்தான். நெற்றியில் இருப்பது குங்குமக் கறை. துடைத்துப் பார்த்தேன். முகமும் சேர்ந்து வந்துவிடும்போல் இருந்ததால் விட்டுவிட்டேன். திரையில் பெரிதாகக் காட்டும்போது தெரியும், பார்த்துக்கொள்.

சட்டத்தைக் காலியாக விட முடியாது. டின்னில் கிடந்த என் துண்டை எடுத்து அதில் வைத்தேன். அளவு சரியாக இருந்தது. குங்குமம் இட்டு மாலையும் நானே போட்டேன். வெள்ளிக்கிழமை அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினேன். கழுத்தை நீட்டி வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குக் கண் மங்கல்தான், ஆனால் அவ்வளவு மங்கல் இல்லை. இரண்டு படத்தையும் கும்பிட்டுவிட்டு மைலோ கலக்கச் சொன்னாள்.

ஆகவே வராதே. டிக்கெட் போனால் போகட்டும். அம்மா கேட்டால் ஏதாவது பொய் சொல்லிக்கொள்கிறேன். உன் மகள் பிள்ளை குட்டிகளோடு, பல்லெல்லாம் கொட்டிக் கிழவியாகும் வரை இருக்க வேண்டும். இந்த வீட்டிலிருந்து வரும் ஆசீர்வாதம் இது ஒன்றுதான், என் வாயால் வாங்கிக்கொள். கல்யாணத்தில் ஆசை தீரப் படம் எடுங்கள். எங்காவது மூன்று பேராக நிற்க நேர்ந்தால், போகிற வருகிற யாரையாவது கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்து.

இப்படிக்கு,
கோமளாவின் அக்கா
குமுதா