விசிறி வராத ஆய்வுக்கூடம்

லிந்துலை
12 ஜூலை 1955

அன்புள்ள சோலைமலை அண்ணாவுக்கு,

தங்கை அழகம்மா வணங்கி எழுதுவது. அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? கொழும்புக்குப் போனதும் கூடப் பிறந்தவளை அடியோடு மறந்துவிட்டீர்கள். அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன், இப்போது தலைக்கு மேல் வெள்ளம்.

உங்கள் கம்பனி மூலம் சீமையிலிருந்து வர வேண்டிய மின்விசிறி இன்னும் வரவில்லை. தேயிலைப் பூச்சிக்கென்று உங்கள் மச்சான் சோதிக்கிற புது மருந்தின் பூண்டு நாற்றமடிக்கும் ஆவியை வெளியே இழுக்கத்தான் அதைக் கேட்டிருந்தார். ஜன்னலைத் திறந்தால் ஆய்வுக்கூடத்துக்குள் பனிமூட்டம் புகுந்து மருந்துத் தூள் நமுத்துப்போகிறது, தராசு முள்ளும் ஒரு நிலையில் நிற்பதில்லை. ஒரு நாள் வேலை ஒரு வாரம் இழுத்தது. தோட்டத்துப் பெரியதுரையோ முடிவு எங்கே என்று கேட்டு ஆள் அனுப்பியபடி இருக்கிறார். கடைசியில் இவர் ஜன்னல்களை மூடி, இடுக்கில் சாக்கும் திணித்துவிட்டார்.

கூட வேலை செய்த ஆண்டியப்பன் நின்றுவிட்டான். "கண்ணு இருட்டுதுங்கம்மா, நான் பழையபடி மலையில தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டவே போறேங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். சரியான சோம்பேறி என்று இவர் சிரித்தார். இப்போது இவருக்கே கை நடுங்குகிறது, சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். நடுப்பகலில் விளக்கு கேட்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறார்.

போன வாரம் தராசையும் போத்தல்களையும் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார். அடுப்பங்கரையை ஒட்டிய அறையில்தான் ஈரம் இல்லையாம். வேலை மளமளவென்று நடக்கிறது, மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். குளிருக்குப் பயந்து மீனம்மாவை நான் தூங்கவைப்பதும் அந்த அறையில்தான். நான் பூண்டு உரிக்காத நாளிலும் குழந்தையின் தலைமுடியில் பூண்டு வாடை அடிக்கிறது.

நேற்றிலிருந்து அவளுக்கு வாயில் எச்சில் ஓயாமல் வடிகிறது. பல் முளைக்கிறது என்கிறார் இவர். அவளுக்குப் பல்லெல்லாம் முளைத்து எவ்வளவு காலமாயிற்று அண்ணா! குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கார முனாப் நானா வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே அவர் மனைவி செரீபா அக்கா மடியில் படுத்திருக்கிறாள். டாக்டரைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது. இவரை எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிட்டு வருகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

முனாப் நானாவின் லாரி இப்போது கொழும்புக்குப் புறப்படுகிறது. கடிதத்தை அதில் கொடுத்தனுப்புகிறேன். விசிறி இனி வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். திரும்பி வரும் லாரியில் நீங்கள் ஏறி வாருங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்துவிட்டேன், இவரை நான் எப்படித் தூக்குவேன்?

மாரியம்மன் உங்களைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அழகம்மா