பீரோவில் எண்ணிய ஆறாயிரம்

மார்ச் 3, செவ்வாய்

எம்.டி. கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இனி வாடகை ஒப்பந்தங்களைக் காகிதத்தில் போட வேண்டாமாம். வாடிக்கையாளரின் ஃபோனிலேயே கையெழுத்து வாங்குகிற மென்பொருள் ஒன்றை மாதக் கடைசிக்குள் நான் வாங்கிக் கொடுக்க வேண்டும். கதவு வரை போனவளை நிறுத்தி, "கொள்முதல் மேனேஜர் நாற்காலி காலியா இருக்கு, தெரியும்ல?" என்றார். தெரியாமலா. எட்டு மாதமாக அந்த அறையைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போகிறேன்.

நாங்கள் வாடகைக்கு விடும் நோயாளிக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விலை பேசுவேன். ஆட்டிப் பார்க்கலாம், உட்கார்ந்து பார்க்கலாம். இதை எங்கே தட்டிப் பார்த்து வாங்குவது?

மார்ச் 6, வெள்ளி

இரண்டு கம்பெனிகள் விலை அனுப்பியிருக்கின்றன. முதல் கம்பெனியில் எண்ணிக்கைக் கணக்கு. வருடத்துக்கு இத்தனை 'கவர்' என்று முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். ஓர் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு அனுப்பினால் ஒரு கவர். இரண்டாவதில் ஆள் கணக்கு. அனுப்புகிற ஊழியர்கள் ஒன்பது பேருக்குக் கட்டணம், எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பிக்கொள்ளலாம். விலைதான் ரொம்ப அதிகம்.

நமக்கு வருடத்துக்கு எத்தனை கவர் வேண்டும்? யாருக்கும் தெரியவில்லை. கால்குலேட்டரிடம் கேட்டேன் — அக்கவுண்டன்ட்டுக்கு நாங்கள் வைத்திருக்கும் பேர், அவருக்கும் தெரியும். "வாங்கறது நீங்க, எண்ணிக்கையும் நீங்கதான் சொல்லணும்" என்று நைசாகக் கழன்றுகொண்டார்.

மார்ச் 10, செவ்வாய்

மூன்று நாளாக பீரோவோடு குடித்தனம். போன வருடத்து ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினேன். ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். ஆறாயிரம் கவர் வாங்கினால் கொஞ்சம் மிச்சமே இருக்கும். தும்மல் நிற்கவில்லை. இருந்தாலும் யாரையும் நம்பாமல் நானே எண்ணினேன் என்று ஒரு நிம்மதி.

மார்ச் 13, வெள்ளி

கூட்டம். ஆறாயிரத்தை வைத்து முதல் கம்பெனிதான் மலிவு என்று காட்டினேன். கால்குலேட்டர் விடவில்லை. "ஆறாயிரம்னு எப்படி வந்தது?"

"நானே பீரோவைத் திறந்து எண்ணினேன் சார். சந்தேகம்னா சாவி தரேன், நீங்களும் எண்ணுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேனா மூடியைக் கடித்தார். எம்.டி. முதல் கம்பெனியையே முடிக்கச் சொல்லிவிட்டார். மூன்று வருட ஒப்பந்தம், 31ஆம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டால் இருபது சதவீதம் தள்ளுபடி.

அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ?

மார்ச் 17, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் விவரம் சொன்னேன். பஸ் டிப்போவில் மெக்கானிக், அவருக்கு எதற்கும் ஒரே கேள்விதான். "நடுவுல ஒத்து வரலன்னா விட்டுட்டு வந்துடலாமா?" வர முடியாது. மூன்று வருடப் பணத்தையும் கட்டித்தான் ஆக வேண்டும். "ஓ" என்றார். அந்த 'ஓ' சாயங்காலம் முழுக்கக் காதில் இருந்தது.

மார்ச் 19, வியாழன்

தொண்ணூறு நாள் முன்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகவே இன்னும் ஒரு வருடம் நீளுமாம். பன்னிரண்டாம் பக்கம், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கம்பெனியிடம் சொல்லி அந்த வரியை அடிக்க வைத்தேன். வேறு எங்கே என்ன ஊர்கிறதோ.

மார்ச் 25, புதன்

டெலிவரி அறைக்குப் போயிருந்தேன். வண்டிகளை அனுப்புகிற அக்காவிடம் புது முறையை விளக்கினேன். ஒப்பந்தத்தை நோயாளியின் மகனுக்கு அனுப்புவோம், அவர் விரலால் கையெழுத்துப் போடுவார், உடனே வண்டி கிளம்பும்.

"மூத்த பையன் போட மாட்டேன், தம்பிக்கு அனுப்புன்னு சொன்னா?"

"தம்பிக்கு ஒரு தடவை அனுப்புங்க."

"தம்பி, எங்க அக்காவைக் கேளுன்னு சொன்னா?"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "வாடகை யார் தலையிலன்னு அவங்களுக்குள்ள முடிவாகற வரைக்கும் பேப்பர் வீடு வீடாத்தாம்மா சுத்தும். ஒவ்வொரு தடவையும் பேர் மாத்திப் புதுசா அடிக்கிறோம். கையெழுத்து ஆனது மட்டுந்தான் உங்க பீரோவுக்கு வருது. மத்ததைக் கிழிச்சுப் போட்டுடுவோம்."

ஓர் ஒப்பந்தத்துக்கு எத்தனை போகும் என்று கேட்டேன். "மூணுன்னு வைங்க. சில வீட்டுக்கு ஆறுகூட."

விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அனுப்பினாலே ஒரு கவர் போச்சு, கையெழுத்து ஆனாலும் ஆகாவிட்டாலும். ஆறாயிரத்தைத் தாண்டினால் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு விலை. எங்களுக்கோ பதினேழாயிரத்துக்கு மேல் போகும்.

ஐயோ. என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன். பீரோவை எண்ணத் தெரிஞ்சுது, அடுத்த ரூம்ல இருக்கற மனுஷியக் கேக்கத் தெரியல. சாவி தரேனாம் சாவி.

மார்ச் 26, வியாழன்

முதல் கம்பெனியின் விற்பனைக்காரருக்கு ஃபோன் போட்டேன். "மேல போனா நாங்க பாத்துக்கறோம் மேடம், கவலையே படாதீங்க" என்றார். அதை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துத் தரச் சொன்னேன். "எழுத்துலல்லாம் எதுக்கு மேடம், நமக்குள்ள?"

நமக்குள்ளயாம். சம்பந்தமா பேசுகிறோம்?

மார்ச் 28, சனி

ஆறாயிரம் கவர் நான்கு மாதம் தாங்கும். குட்டு உடைவது ஆகஸ்டில்தான். மேனேஜர் யார் என்பது ஏப்ரல் முதல் வாரமே முடிவாகிவிடும்.

இதை எதற்கு எழுதுகிறேன்? யாருக்கு?

குழம்பில் உப்பே இல்லை என்றார் வீட்டுக்காரர். இரண்டாவது நாளாக.

மார்ச் 30, திங்கள்

சொல்லிவிட்டேன்.

எம்.டி. பேனாவைத் திறந்துவிட்டார். கால்குலேட்டர் பக்கத்தில் நின்று பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். "சார், போடாதீங்க" என்றேன். அக்கா சொன்னது, கிழிந்த காகிதங்கள், பதினேழாயிரம், எல்லாவற்றையும் கொட்டினேன். எப்போது தெரியும் என்று எம்.டி. கேட்டார். புதன்கிழமை என்றேன். "இன்னிக்குத் திங்கள்" என்றார்.

சாவியைப் பற்றி இப்போது கால்குலேட்டர் ஏதாவது சொல்வார் என்று தலையைக் குனிந்தே நின்றேன். அவர், "ஒரு வாரம் குடுங்க சார், ரெண்டாவது கம்பெனியக் கொஞ்சம் கசக்கிப் பாக்கறோம். இவங்களும் நானும்" என்றார். குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதுதான் முடியவில்லை. பாத்ரூமில் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இரண்டாவது கம்பெனியோடு முடிந்தது. ஒன்பது பேர், ஒரு வருடம் மட்டும், பயிற்சி இலவசம். நாங்கள் இருவரும் மாறி மாறிப் பேசி, அவர்கள் கேட்ட விலையில் எட்டு சதவீதம் குறைத்தோம்.

மேனேஜரை வெளியிலிருந்து எடுக்கிறார்கள். எம்.டி. தனியாகக் கூப்பிட்டார். "உங்களை நம்பிக் கையெழுத்துப் போடலாம்னு தெரிஞ்சுபோச்சு. மேனேஜர் ஆக்கலாமான்னுதான் தெரியல." சரி சார் என்றேன். ஒன்றும் சரியில்லை.

ஜூன் 22, திங்கள்

மே மாதம் மட்டும் 1,640 தடவை அனுப்பியிருக்கிறோம். கையெழுத்தானவை 490.

காலையில் சக்கர நாற்காலிக் கொள்முதல் ஒப்பந்தத்தை எம்.டி.க்கு அதே மென்பொருளில் அனுப்பினேன். பத்தொன்பது பக்கம். யார் எப்போது திறந்தார், எப்போது கையெழுத்துப் போட்டார் என்று வினாடி வரை அது காட்டிக்கொடுத்துவிடும். திறந்தது 11:42:10. கையெழுத்து 11:42:14.

புது மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டார். "நாலு செகண்டா? நான் அனுப்பினதை ரெண்டு நாள் வச்சிருந்து ஒன்பது கேள்வி கேட்டாரே."

கால்குலேட்டர் தலையைத் தூக்காமல், "இது அவங்க அனுப்பினது சார்" என்றார்.

மேனேஜர் தன் அறைக்குப் போனார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஒரு நிமிடம். அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. ஒப்பந்தத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.