பாதியில் நிறுத்திய படம்

டீச்சர்,

நேற்று திகன போகும் பஸ்ஸில் அந்தப் படத்தைப் போட்டிருந்தார்கள். சாரதிக்குப் பின்னால் தொங்கிய சின்னத் திரையில், வாத்தியார் போட்ட கணக்கைத் திருத்திய பையன் வகுப்புக்கு வெளியே முழங்காலில் நின்றுகொண்டிருந்தான். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அந்த இடத்தில்தானே அன்று நீங்கள் படத்தை நிறுத்தினீர்கள்.

நம் எட்டாம் வகுப்பு சாந்தினிக்காகத்தான் அத்தனையும். கணக்கில் விடையை மட்டும் எழுதுவாள், வழியை எழுதமாட்டாள். பாடம் பாதியில் இருக்கும்போதே முடிவைச் சொல்லிவிடுவாள். பிறகு மேசைக்குக் கீழே கதைப்புத்தகம். கணித சேர் அவளால் களைத்துப் போயிருந்தார். யாழ்ப்பாணத்தில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே அறையெடுத்துத் தங்கியிருந்த நல்ல மனிதர். தாயைக் கூப்பிட்டு வேறு பாடசாலை பார்க்கச் சொல்லலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்தது. அந்தத் தாய் தையல் கடையில் வேலை செய்து தனியாக அவளை வளர்த்தவள். வேறு பாடசாலை என்றால் சாந்தினியின் படிப்பு அதோடு நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் மட்டும்தான், “ஒரு கிழமை பொறுங்க” என்றீர்கள்.

அந்த ஏழு நாள் முடிவதற்குள், உங்கள் தம்பியின் கடையிலிருந்து ஒரு வீடியோ கெசட்டைக் கொண்டுவந்தீர்கள். பாடசாலை விட்ட பிறகு மனையியல் அறையில் எல்லோரையும் கூட்டினீர்கள்.

“படம் பார்க்கவா கூட்டம் வச்சிருக்கீங்க?” என்றார் பாடசாலை அதிபர்.

“முன்கதிரை உங்களுக்குத்தான் சேர்” என்றீர்கள்.

படம் ஓடியது. அந்தப் பையன் வீட்டில் உடைந்த வானொலியைப் பிரித்துப் பூட்டுவதையும், ஆற்றங்கரையில் மணலில் கணக்குப் போடுவதையும் ரசித்தோம். அவனை வெளியே நிறுத்தியபோது, “பாவம் பிள்ளை” என்று கணித சேரே சொன்னார். உடனே நிறுத்தினீர்கள்.

“இவன் நம்மட எட்டாம் வகுப்புல இருந்தா?”

வெளியே மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. கணித சேர்தான் பதில் சொன்னார்.

“டீச்சர், படத்தில பாக்கேக்க அவன் கெட்டிக்காரன் எண்டு தெரியுது. வகுப்பில எனக்கு அவளின்ர குழப்படி மட்டும்தான் தெரியுது.”

நீங்கள் அவரைக் குறை சொல்லவில்லை. “படத்துல அவன் தனியா இரிக்கிற நேரம் என்ன செய்றான் எண்டு காட்டுறாங்க சேர். நமக்குக் காட்ட ஆளில்ல. நாமதான் போய்ப் பார்க்கணும்” என்றீர்கள்.

மறுநாள் இடைவேளைக்கு அவர் தேநீர் குடிக்க வரவில்லை. வகுப்பின் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து ஏதோ திருத்துவதுபோல் இருந்தாராம். சாந்தினி கூரை நிழல் சுவரில் விழும் உயரத்தை அடிமட்டத்தால் அளந்துகொண்டிருந்தாள். “ஏன் பிள்ளை?” என்று கேட்டதற்கு, “பள்ளிக்கூடம் விடுற நேரத்தக் கண்டுபிடிக்கிறேன் சேர்” என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்ததை ஞாபகம் இருக்கிறதா? அதன் பிறகு உயர்தர வகுப்புக் கணக்குகளை அவளுக்குக் கொடுத்தார். வழியை எழுதினால்தான் அடுத்த கணக்கு என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். தாயைக் கூப்பிடும் பேச்சு அத்தோடு போயிற்று. மனையியல் டீச்சர் மட்டும் கடைசிவரை அவளைத் திமிர் பிடித்தவள் என்றே சொன்னார். படத்தால் எல்லாரையும் மாற்ற முடியவில்லைதான்.

நீங்கள் மௌத்தான அன்று, உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க சாந்தினி பிலிமத்தலாவையிலிருந்து வந்திருந்தாள். நில அளவைத் திணைக்களத்தில் இருக்கிறாள். உங்கள் மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, “டீச்சர் எனக்கு ஒரு பாடமும் எடுத்ததில்ல” என்றாள். அந்தப் படக் கூட்டம் பற்றி அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

எனக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. இடைவேளையில் நான் இப்போதும் வகுப்பிலேயே இருந்து, பிள்ளைகள், யாரும் சொல்லாமல் தாங்களாகவே என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறேன். ஆசிரியர் அறையில் எனக்குப் பேச ஆளில்லை என்று மற்ற ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். நீங்கள் போன பிறகு, அதுவும் பாதி உண்மைதான்.