தைலப் பாட்டிலைச் சுற்றிய தாள்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே சலவைக்கூடத்தில் வழக்கம்போல இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுதான்.

உன் அண்ணன் கொடுத்தனுப்பிய தைலம் கிடைத்தது. பாட்டிலைச் சுற்றியிருந்த பழைய பேப்பர் கசங்கிச் சுருண்டிருந்தது. இந்த வெளிநாட்டில் நம் தமிழ் எழுத்தைப் படித்து நாளாயிற்றே என்று, லேசான ஈரத்துணியை மேலே விரித்துத் தேய்த்தேன். "பேப்பருக்கும் இஸ்திரியாப்பா?" என்று மேஸ்திரி சிரித்தார்.

சுருக்கம் நீங்கியதும் நம் சின்னவன் முகம் தெரிந்தது. மேலே ‘காணவில்லை’ என்று போட்டிருந்தது. தேதி ஏழு மாதத்துக்கு முந்தியது. போன வாரம்கூட போனில், "அவன் தூங்குறான்ங்க, எழுப்ப வேணாம்" என்றாயே.

கோபமில்லை. என்னிடம் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது? கடைசி மடிப்பையும் தேய்த்துப் பார்த்தேன். ‘அப்பா ஊருக்கு வந்துவிட்டார், உடனே வீட்டுக்கு வா’ என்று இருந்தது.

முதலாளியிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். தர மாட்டேன் என்கிறார்.

வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள். ஒன்று மட்டும் செய். என் சட்டை ஒன்றை ஜன்னலோர ஆணியில் மாட்டி வை. தேய்த்து மாட்டாதே, கசங்கியே தொங்கட்டும். அவன் தெருவில் நின்று பார்த்தால், நான் இப்போதுதான் கழற்றிப் போட்டதாகத் தெரிய வேண்டும்.

உன் வீட்டுக்காரன்