இரண்டு பல் அதிகம்

அன்பு வாயாடிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் சுகமாக இருந்தால் எனக்கு அதுவே போதும். போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் ஆரம்பித்தால் என் குரல் ஏறிவிடும். அறையில் கூடப் படுத்திருக்கிறவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கிடங்கில் வேலை பரவாயில்லை. குளிர் அறைக்குள் பெட்டி அடுக்கும் வண்டியை இப்போது என்னிடமே கொடுத்துவிட்டார்கள். உள்ளே போனால் மூக்கு நுனி மரத்துப்போகிறது, வெளியே வந்தால் வியர்த்துக் கொட்டுகிறது. சூப்பர்வைசர் முன்னைப்போலக் கடுகடுப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டு வண்டியில் செயின் ஓடும் பல்சக்கரம், அந்த ஸ்ப்ராக்கெட், தேய்ந்துவிட்டது, கம்பெனி சாமான் போடுவதா வெளிச் சாமான் போடுவதா என்று கேட்டாய். கேட்டவரைக்கும் சந்தோஷம். ஆனால் கேட்ட மூச்சிலேயே பதிலையும் நீயே சொல்லிவிட்டாய். வெளிச் சாமான்தான் உனக்குச் சரிப்படும் என்று அவரு சொன்னாராம். முதலில் மெக்கானிக் என்றுதான் ஆரம்பித்தாய். கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் போய்விட்டார், அவரு வந்துவிட்டார். பல்லெல்லாம் கொக்கி மாதிரி வளைஞ்சிருச்சுன்னு அவரு சொன்னாரு, அவரு பார்த்ததுக்குக் காசே வாங்கல என்று ஒரே அவரு மயம். கல்யாணம் ஆனதிலிருந்து உன் வாயில் அவரு என்றால் அது நான் ஒருவன்தான். ஆள் ஊரில் இல்லையென்றதும் அந்தப் பட்டத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார் போலிருக்கிறது.

பாப்பா அவரை மாமா என்று கூப்பிடுகிறாளாம். நல்லது, அப்படியே கூப்பிடட்டும். வேறு முறைக்கு மட்டும் மாற விடாதே. மாமா என்றால் உனக்கு அண்ணன், எனக்கு மச்சான். மச்சானிடம் முறைத்துக்கொள்ள எனக்கு முழு உரிமை உண்டு.

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியில் என்னைத் தவிர ஒருவரும் ஸ்பேனர் வைத்ததில்லை. லீவு நாளில் நானே வாசலில் குந்தி உட்கார்ந்து, செயினை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு, பனியனால் துடைப்பேன். நல்ல பனியனைப் பாழாக்கிட்டீங்களே என்று நீ கத்துவாய். இப்போது முகம் தெரியாத ஒரு மனிதர் என் வண்டிக்கு எத்தனை பல் வேண்டும் என்று முடிவு பண்ணுகிறார்.

கேட்டுக்கொள். வெளிச் சாமான் வேண்டாம். பார்க்கப் பளபளவென்று இருக்கும், இரும்பு மட்டமாக இருக்கும், கொஞ்ச நாளிலேயே கரகரவென்று கத்த ஆரம்பித்துவிடும். கம்பெனி சாமான் கம்பெனி சாமான்தான். பின்னால் பெரிய பல்சக்கரமாகப் போடலாம், இரண்டு பல் அதிகம், இழுவை கூடும் என்றாராம். என் வண்டிக்கு இழுவை இல்லை என்று அவரிடம் யார் சொன்னது? வேகம் அல்லவா போய்விடும். இந்த ஞாயிற்றுக்கிழமை நானே இங்கே சாமான் கடைக்குப் போய் ஒரிஜினல் செட் வாங்கி, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அதுவரை அந்த மெக்கானிக் கடைப்பக்கம் போகாதே.

மேலே உள்ளதை எழுதி மடித்து வைத்திருந்தேன். கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், படித்துவிட்டு நீயும் சிரி.

இன்று கடைக்குப் போனேன். பக்கத்துக் கட்டில் வெல்டர் தம்பியும் கூட வந்தான். கடைக்காரர் ஒரிஜினல் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு, ஓட்டுகிறவர் எவ்வளவு எடை, பாரம் ஏற்றுவதுண்டா, ரோடு சமமா மேடா என்று விசாரித்தார். நான் கடகடவென்று சொன்னேன். எழுபத்தைந்து கிலோ, பாரமெல்லாம் கிடையாது, நேர் ரோடு, நல்ல வேகம். பெருமையாகத்தான் சொன்னேன். வெல்டர் தம்பி என் முகத்தையே பார்த்தான். அண்ணே, வண்டி ஓட்டுறது நீங்களா அண்ணியா என்று கேட்டான்.

சரி, உன்னைப் பற்றிச் சொல்லலாம் என்று பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பட்டன் தைக்கத் துணி எடுத்து வருகிறாய் என்று தெரியும். மூட்டை ஒன்றா இரண்டா, எவ்வளவு கனம், தெரியாது. பாப்பாவை முன்னால் உட்காரவைக்கிறாயா, மூட்டைக்கும் உனக்கும் நடுவில் வைக்கிறாயா, அதுவும் தெரியாது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் வண்டி திணறி நின்று பின்னால் உருண்டது என்று நீ போனில் சொன்னாய். ஓகோ, செயின் தேய்ந்திருக்கிறது என்று மட்டும் நான் நினைத்துக்கொண்டேன். பிள்ளையும் மூட்டையும் மேலே இருக்க, நீ கால் ஊன்றி அவ்வளவையும் தாங்கிப் பிடித்திருப்பாய் என்பது கடையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

அந்த மெக்கானிக் இதையெல்லாம் உன்னிடம் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் இரண்டு பல் அதிகம் என்றிருக்கிறார். கம்பெனி சாமானில் அந்த அளவே வராதாம், கடைக்காரரும் அதையேதான் சொன்னார். இப்போது முன்னைவிட அதிகமாக வயிறு எரிகிறது. என் வண்டியைத் தொட்டாரே என்று இல்லை. நான் கேட்க வேண்டியதை அவர் கேட்டுவிட்டாரே என்று.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதையே மாட்டிக்கொள். வெளிச் சாமானிலும் நல்ல தயாரிப்பு இருக்கிறது, விலை பார்க்காமல் அதையே வாங்கச் சொல். முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். பழசோடு சேர்த்தால் புதுசையும் தின்றுவிடும். வேகம் குறைந்தால் குறையட்டும், உனக்கென்ன பந்தயமா. கூலி வேண்டாம் என்று அவர் சொன்னாலும் கேட்காதே, கையில் வைத்துவிட்டு வா. ஓசியில் யாரும் நமக்கு எதுவும் செய்ய வேண்டாம்.

மாட்டி முடித்ததும் மூட்டை இல்லாமல் ஒரு தடவை அந்த மேட்டில் ஏறிப் பார். பிறகு மூட்டையோடு ஏறு. மேலே போனதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணு. நான் குளிர் அறைக்குள் இருந்தால் எடுக்க நேரமாகும், விடாமல் அடி. மூட்டை எவ்வளவு கனம் என்று சொல். கால் வலிக்கிறதா என்று சொல். உன்னையும் பாப்பாவையும் எந்தக் குறையும் அண்டக்கூடாது. வண்டி ஏறிவிட்டது என்பதை மட்டும் முதலில் என்னிடம் சொல்லிவிடு. அவரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

உன்னவன்